புறவழிச்சாலை: எதற்குப் புறம், யாருக்கு வழி?

ஓர் ஊர் வண்டி நெரிசலில் திணறத் தொடங்கியதும் எல்லார் வாயிலும் முதலில் வருவது 'பைபாஸ்'. ஒரு பைபாஸ் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். அந்தப் பேச்சைக் கவனித்துக் கேட்டால், ஆளுக்கு ஒன்றை மனத்தில் வைத்துப் பேசுவது தெரியும். ஒருவருக்கு அது லாரிகள் ஊருக்குள் நுழையாமல் ஓரமாகப் போக ஒரு சாலை. இன்னொருவருக்கு ஊரை வளைத்துச் சுற்றும் சாலை. வேறொருவர் நினைப்பது, இருக்கிற சாலையின் மேலேயே ஒரு நீண்ட மேம்பாலம். மூன்றின் வேலையும் வேறு, செலவும் வேறு, எடுக்கும் நிலமும் வேறு. ஒரே பெயரில் மூன்றையும் அழைத்துக்கொண்டு வேண்டும், வேண்டாம் என்று வாதாடினால் வாதம் எங்கும் போய்ச் சேராது. சொல்லையே முதலில் பார்த்துவிடலாம்.

பைபாஸ் ஆங்கிலச் சொல். 'பை' என்றால் பக்கத்தில், ஒட்டி. 'பாஸ்' என்றால் கடந்து போதல். ஆனால் சாலைக்கு வரும் முன்பே குழாய் வேலையில் இந்தப் பெயர் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் எரிவாயு நிலையங்களில், பெரிய குழாயின் வால்வை மூடும்போது வாயு அடியோடு நின்றுவிடாமல் இருக்க, வால்வைச் சுற்றிக்கொண்டு போகும் சிறு கிளைக்குழாய் வைத்தார்கள். அதற்குத்தான் பைபாஸ் என்று பெயர். மோட்டார் வண்டிகள் பெருகி, குதிரை வண்டிக் காலத்துத் தெருக்கள் தாங்காமல் போன 1920-களில் சொல் சாலைக்கு மாறியது. மருத்துவத்துக்குப் போனது அதற்கும் பிறகு. இதயத் தமனி அடைப்பைத் தாண்டி இரத்தம் ஓட, காலிலிருந்து எடுத்த சிரையைப் பொருத்தும் அறுவையை 1967-இல் ரெனே ஃபவலோரோ செய்து பரவலாக்கினார். இன்று பலருக்கு அந்தப் பொருள்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

தமிழில் புறவழிச்சாலை. புறம், வழி, சாலை என்ற மூன்றும் சேர்ந்தது. புறம் என்பதற்கு வெளி என்றும் பக்கம் என்றும் பொருள் உண்டு. புறநகரில் இருப்பது வெளி. இருபுறமும் என்பதில் இருப்பது பக்கம். 'அப்புறம்' என்று ஓயாமல் சொல்கிறோமே, அதுவும் அந்தப் பக்கம் என்ற பொருளிலிருந்து 'பிறகு' என்று ஆனதுதான். ஆகவே ஆங்கிலச் சொல்லில் உள்ள 'பக்கமாக' என்ற கருத்தும், அதில் இல்லாத 'ஊருக்கு வெளியே' என்ற குறிப்பும் புறவழியில் ஒன்றாக வந்துவிடுகின்றன. இது மூலத்தைவிடத் தெளிவான சொல் என்றே நினைக்கிறேன்.

வழி என்பது பழைய சொல். கல்வெட்டுகளில் நெடுஞ்சாலைக்குப் பெயரே பெருவழிதான்: அதியமான் பெருவழி, இராசகேசரிப் பெருவழி. சாலை என்ற சொல்லுக்குக் கூடம், இடம் என்ற பொருளும் உண்டு. பாடசாலை, தொழிற்சாலை என்பவற்றில் அதுதான் இருக்கிறது. எனவே 'புறவழி' என்று நிறுத்தினாலே பொருள் நிறைந்துவிடும். வழியும் சாலையும் சேர்வது கொஞ்சம் மிகைதான். ஆனாலும் புறவழிச்சாலை நன்றாக வேரூன்றிவிட்ட சொல், அதை அசைக்க வேண்டாம். ஒரே கட்டுரையில் திரும்பத் திரும்ப எழுத நேர்ந்தால் புறவழி என்று சுருக்கிக்கொள்ளலாம்.

சரி, பொருளுக்கு வருவோம். குழாய்க்காரர்களின் பொருளை நினைவில் வைத்துக்கொண்டால் சாலையின் இலக்கணமும் பிடிபடும். ஒரு பகுதியில் எந்த வேலையும் இல்லாத ஓட்டத்தை அந்தப் பகுதிக்குள் விடாமல் சுற்றி அனுப்புவதுதான் புறவழி. அப்படியானால் ஊருக்குள் வேலையில்லாமல் ஊர் வழியே போகும் வண்டிகளுக்கு மட்டுமே அது வழி. இந்த வண்டிகளைக் கடப்புப் போக்குவரத்து என்று சொல்லலாம். புதிய நெடுஞ்சாலைத் தடம் பற்றிய எந்த வாதத்திலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்தக் கடப்புப் போக்குவரத்து எவ்வளவு என்பதுதான். பெரும்பாலான கூட்டங்களில் இது கேட்கப்படாமலே போகிறது என்பதுதான் எனக்கு உள்ள பெரிய குறை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஊருக்குள் நுழையும் 100 வண்டிகளில் 25 மட்டும் மறுமுனையில் வெளியேறி வேறு ஊருக்குப் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். மீதி 75-க்கும் ஊரிலேயே வேலை: பள்ளி, சந்தை, மருத்துவமனை, அலுவலகம். எவ்வளவு அருமையான புறவழி போட்டாலும் அந்த 75 அதில் ஏறாது. கடந்து போகும் 25-இலும் சாப்பாட்டுக்கோ எரிபொருளுக்கோ 10 வண்டிகள் ஊருக்குள் வரலாம். குறைவது 15. அந்த 15-ம் கனரக லாரிகள் என்றால் விபத்தும் இரைச்சலும் புகையும் நன்றாகவே குறையும். அதற்காகவே சாலை போடலாம். ஆனால் காலை ஒன்பது மணி நெரிசல் தீரும் என்று சொல்லி அதைப் போட்டால் அது பொய்த்துவிடும். பொதுவாக ஊர் சிறிதாக இருந்தால் கடப்புப் போக்குவரத்தின் பங்கு பெரிது, ஊர் வளர வளர அந்தப் பங்கு சுருங்கும். சிறு ஊருக்குப் புறவழி கைகொடுப்பதும், பெருநகருக்கு அதே மருந்து பலிக்காததும் இதனால்தான்.

இதை அளக்க வழி இருக்கிறது. ஓட்டுநர்களை நிறுத்தி எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்று கேட்கலாம். ஊரின் எல்லா வாயில்களிலும் வண்டி எண்களைக் குறித்து, உள்ளே வந்த எண் எவ்வளவு நேரத்தில் எந்த வாயிலில் வெளியேறியது என்று பொருத்திப் பார்க்கலாம். இந்தக் கணக்கெடுப்பு கையில் இல்லாமல் வடக்கே போடுவதா தெற்கே போடுவதா என்று பேசத் தொடங்குவது வீண்.

வால்வையும் மறந்துவிடக் கூடாது. குழாயில் பெரிய வால்வை மூடினால்தான் வாயு கிளைக்குழாயில் முழுதாகத் திரும்பும். பழைய சாலையை முன்போலவே அகலமாக, வேகமாக விட்டுவிட்டால், நீளமான புறவழியில் சுற்றிப் போக ஓட்டுநருக்கு என்ன அவசியம்? புறவழி திறக்கும் அன்றே பழைய சாலையில் கனரக வண்டிகளைத் தடுப்பது, நடைபாதையை அகலப்படுத்துவது, வேகத்தைக் குறைப்பது எல்லாம் திட்டத்தின் பாதி வேலை. பல இடங்களில் இந்தப் பாதி நடப்பதே இல்லை.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. புறவழி புறமாகவே இருக்க வேண்டும். இங்கிலாந்தில் கிங்ஸ்டன் ஊருக்கு 1927-இல் திறந்த புறவழி அந்த நாட்டின் ஆரம்பகால முயற்சிகளில் ஒன்று. வெட்டவெளியில் போட்ட சாலை. ஓரமெல்லாம் விறுவிறுவென்று வீடுகளும் தொழிற்கூடங்களும் எழுந்தன. ஒவ்வொரு வாசலிலிருந்தும் வண்டிகள் நேரே சாலையில் ஏறின. கடந்து போக வந்த வண்டியும் பக்கத்துக் கடைக்கு வந்த வண்டியும் மறுபடி ஒன்றாயின. சாலையோரம் நாடா போல நீளும் இந்தக் கட்டட வரிசையைக் கட்டுப்படுத்தவே 1935-இல் அங்கே தனிச் சட்டம் போட்டார்கள். எந்த இடத்தில் ஏறலாம், எந்த இடத்தில் இறங்கலாம் என்று வரையறுப்பதை அணுகல் கட்டுப்பாடு என்கிறோம். அது இல்லாத புறவழி சில ஆண்டுகளில் இன்னொரு கடைத்தெரு ஆகிவிடும்; அதற்கும் ஒரு புறவழி கேட்பார்கள்.

ரிங் ரோடு வேறு சங்கதி. தமிழில் சுற்றுச்சாலை அல்லது வட்டச்சாலை. இதன் பழைய வரலாறு கோட்டைச் சுவர்களோடு சேர்ந்தது. வியன்னாவில் பழைய மதிலை இடித்துவிட்டு அந்த இடத்தில் வளையச் சாலை போட 1857-இல் பேரரசர் ஆணையிட்டார். பெய்ஜிங்கின் இரண்டாம் சுற்றுச்சாலை மிங் காலத்து நகர மதிலின் தடத்தில் போகிறது. நகரம் அதைத் தாண்டி வளர வளர மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என்று சுற்றுகள் வெளியே விரிந்தன. பாரிசின் 35 கிலோமீட்டர் சுற்றுச்சாலை 1973-இல் முடிந்தது. நகர எல்லையை ஒட்டிப் போட்ட அது, இருபுறமும் நெருங்கிய குடியிருப்புகளுக்கு நடுவே ஓடுகிறது. லண்டனைச் சுற்றும் எம்25 சுமார் 188 கிலோமீட்டர். 1986-இல் முழுமையாகத் திறந்த கொஞ்ச காலத்திலேயே நிரம்பி, பின்னர் பல பகுதிகளை அகலப்படுத்த வேண்டியதாயிற்று. நீண்ட பயணத்துக்கென்று போட்டதில் சுற்றுப்புற ஊர்க்காரர்கள் பக்கத்து ஊருக்குப் போகவும் ஏறினார்கள். புறவழி ஊரைத் தவிர்க்கும் சாலை. சுற்றுச்சாலை நகரின் பல முனைகளை ஒன்றோடொன்று கோக்கும் சாலை. இரண்டையும் ஒரே சாலையிடம் கேட்டால் இரண்டும் அரைகுறையாகவே கிடைக்கும்.

எந்தப் பக்கம் போவது என்பதுதான் சண்டை மூளும் இடம். பொறியாளர்கள் 'அலைன்மென்ட்' என்பார்கள். தடம் என்ற சொல் போதும். பழந்தமிழில் கவலை என்ற சொல்லுக்கு, இரண்டாகக் கிளைத்துப் பிரியும் வழி என்றும் பொருள் உண்டு. அகராதிகளில் இன்றைய பொருளோடு அதுவும் இருக்கிறது. தடம் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் உட்கார்ந்தவர்களுக்கு இரண்டு பொருளும் புரியும். ஒரு பக்கம் விளைநிலம், மறுபக்கம் வீடுகள், இன்னொரு பக்கம் ஏரியோ காடோ. இங்கிலாந்தின் நியூபரி புறவழிக்காக மரங்களை வெட்டத் தொடங்கியபோது, 1996-இல் நூற்றுக்கணக்கானோர் மரங்களின் மேல் குடிசை கட்டித் தங்கித் தடுத்தார்கள். சில மில்லிமீட்டரே உள்ள ஓர் அரிய நத்தையின் வாழிடத்தைப் பெயர்த்து வேறிடம் கொண்டுபோனார்கள். சாலை 1998-இல் திறந்தது. ஊருக்குள் லாரி இரைச்சல் தாங்காமல் புறவழி கேட்டவர்களின் துயரமும் உண்மை, மரமேறியவர்களின் துயரமும் உண்மை. எந்தத் தடமும் யாரோ ஒருவரிடமிருந்து எதையோ எடுக்கத்தான் செய்யும். அவர் யார் என்று வரைபடத்தோடு முன்கூட்டியே, அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும்.

கடைக்காரர்களின் அச்சத்தையும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆங்கிலத்தில் பைபாஸ் என்பது வினையாக வரும்போது ஒருவரைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போவதையும் குறிக்கும். நம்மிடமும் புறக்கணி என்ற சொல்லில் அதே புறம் இருக்கிறது. போகிற வண்டியை நம்பிப் பிழைக்கும் உணவகமும் எரிபொருள் நிலையமும் இழப்பது நிச்சயம். மற்றக் கடைகளுக்கு, தெரு அமைதியானால் நடந்து வருவோர் கூடவும் செய்யலாம். இரண்டு வகையையும் தனித்தனியே பேச வேண்டும்.

தடம் எதுவானாலும், இடம் கூடினால் வண்டியும் கூடும் என்பதைக் கணக்கில் வைக்க வேண்டும். இதைத் தூண்டிய தேவை என்கிறார்கள். அமெரிக்கப் பெருநகரப் பகுதிகளின் தரவுகளை ஆராய்ந்த ஜில் டுரான்டன், மேத்யூ டர்னர் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நெடுஞ்சாலைகளில் வண்டி ஓடும் வரிசைகளின் ('லேன்') மொத்த நீளம் எந்த விகிதத்தில் கூடுகிறதோ, ஏறத்தாழ அதே விகிதத்தில் வண்டி ஓட்டமும் கூடுகிறது. அதற்கும் முன்பே, 1968-இல், டீட்ரிச் பிராஸ் என்ற ஜெர்மானியக் கணித அறிஞர், அவரவர் தமக்கு விரைவான வழியைத் தேர்ந்தால் புதிதாகச் சேர்த்த ஒரு சாலையே எல்லாருடைய பயண நேரத்தையும் கூட்டக்கூடும் என்று காட்டினார். கோட்பாட்டுக் கணக்குதான், ஆனால் புதிய சாலை என்றாலே நன்மை என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புவோர் அதைப் படிக்க வேண்டும்.

எழுதும்போது சில கவனங்கள். வழியும் சாலையும் சேரும்போது 'ச்' மிகும்: புறவழிச்சாலை. 'புறவழிசாலை' பிழை. வேலை நடக்கும்போது தற்காலிகமாகத் திருப்பிவிடுவது மாற்றுப்பாதை. அதைப் புறவழி என்று எழுதக் கூடாது. பெருஞ்சாலையை ஒட்டி, ஊர் வண்டிகளுக்காக ஓடும் சர்வீஸ் ரோடு அணுகுசாலை. ஊரின் ஒரு பக்கம் மட்டும் வளைந்து போவதை வட்டச்சாலை என்பதும் தவறு. செய்தியில் 'புதிய பைபாஸ் வருகிறது' என்று முடித்துவிடாமல், 'ஊருக்கு வடக்கே, இரண்டே இடங்களில் ஏறி இறங்கும்படி அமையும் புறவழிச்சாலை' என்று எழுதினால், என்ன வருகிறது என்பது படிப்பவருக்கு அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும்.