கத்திரிக்காய் மேல் பழி போடும் முன்

கழுத்திலும் அக்குளிலும் அரிப்போடு வருபவர்கள் பலர் முதலில் சொல்வது, "கத்திரிக்காய் சாப்பிட்டேன் டாக்டர்" என்பதுதான். தினமும் பூசும் லோஷனையோ டியோடரண்டையோ யாரும் சந்தேகப்படுவதில்லை. கேட்டால், "மூணு வருஷமா இதைத்தானே போடுறேன், ஒண்ணும் ஆகலையே" என்பார்கள்.

வாசனைப் பொருள் ஒவ்வாமை அப்படித்தான் வரும். வருஷக்கணக்கில் ஒன்றும் செய்யாது. உடல் ஒருமுறை அதை எதிரியாகப் பதிவு செய்துவிட்டால், அப்புறம் பூசும்போதெல்லாம் தடிப்புதான். அதுவும் உடனே வராது, ஒன்றிரண்டு நாள் கழித்துதான் வரும். அதற்குள் பழி சாப்பாட்டின் மேல் விழுந்துவிடும்.

இதில் நான் அதிகம் எச்சரிப்பது லினலூல் என்ற வாசனை வேதிப்பொருளைப் பற்றி. லாவெண்டர் வாசனைக்கு முக்கியக் காரணம் இது. நம் கொத்தமல்லி விதை எண்ணெயிலும் பெரும்பகுதி இதுதான். சோப்பு, ஷாம்பு, க்ரீம், சென்ட் என்று எங்கும் இருக்கிறது. புதிதாக இருக்கும்போது லினலூல் பெரிய தொல்லை தராது. காற்றுப் பட்டு ஆக்ஸிஜனோடு சேரும்போது ஹைட்ரோபெராக்ஸைடுகள் உருவாகின்றன. ஒவ்வாமையை வலுவாகத் தூண்டுபவை அவைதான். திறந்து பல மாதமாக வெயில் படும் ஜன்னலோரம் மூடி சரியாக இல்லாமல் கிடக்கும் பாட்டிலை, பாதி மிச்சம் இருந்தாலும் தூக்கிப் போடுங்கள். "இயற்கையானது" என்று எழுதியிருப்பதை நம்பி ஏமாற வேண்டாம். செடியிலிருந்து எடுத்த எண்ணெயிலும் இதே லினலூல்தான்.

ஐரோப்பிய ஒன்றியம் இதைத் தடை செய்யவில்லை. பூசி அப்படியே விடும் பொருளில் 0.001 சதவீதத்தையும், கழுவிவிடும் பொருளில் 0.01 சதவீதத்தையும் தாண்டினால் லேபிளில் பெயர் போட வேண்டும் என்று 2005 முதல் விதி இருக்கிறது. நம் கடைகளில் பல பாட்டில்களில் "பெர்ஃப்யூம்" என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்துவிடுகிறார்கள். வாங்குபவர் எதைத் தவிர்ப்பது? இது எனக்கு உண்மையாகவே கோபம் தரும் விஷயம்.

சந்தேகம் இருந்தால் பேட்ச் டெஸ்ட் செய்துகொள்ளுங்கள். சந்தேகப்படும் பொருள்களை முதுகில் சின்னச் சின்னப் பட்டைகளாக ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்போம். நான்காம் நாள் வாக்கில் மறுபடி பார்ப்போம். அதுவரை முதுகு நனையக்கூடாது. ஆக்ஸிஜன் ஏறிய லினலூலையும் சேர்த்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள். சுத்தமான லினலூலை மட்டும் வைத்தால் பலருக்கு ஒவ்வாமை இருப்பதே தெரியாமல் போய்விடும்.

அதுவரை வாசனை சேர்த்த எதையும் அந்த இடத்தில் பூசாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஸ்டீராய்டு களிம்பு வாங்கிப் போடவே போடாதீர்கள்.