பாய்சன் ஐவிக்குத் தமிழ்ல என்ன? நஞ்சுக்கொடின்னு மட்டும் சொல்லாதீங்க

நியூஜெர்சில இருக்குற என் தம்பி போன ஜூன்ல வேலியோரம் களை பிடுங்கினான், ரெண்டு நாள் கழிச்சு கையில கோடு கோடா தடிப்பும் தண்ணி கோத்த கொப்புளமுமா போட்டோ அனுப்பிட்டு, "அக்கா, இது பாய்சன் ஐவியாம், தமிழ்ல என்ன சொல்றது"ன்னு கேட்டான். பாய்சன் ஐவிங்கறது தொட்டா தோல் தடிச்சுக் கொப்புளிக்கிற ஒரு கொடி, சொல்லுக்குச் சொல் மாத்தினா நஞ்சுக்கொடி. ஆனா நமக்கு நஞ்சுக்கொடின்னா பிள்ளை பொறந்ததும் விழுற கொடி! அந்தச் சொல்ல இதுக்கு வைக்கவே கூடாது.

ஐவிங்கறதும் தப்பா ஒட்டின பேருதான். 1600கள்ல கடல் தாண்டி அமெரிக்கா பக்கம் போன ஆங்கிலேயருங்க, ஊர்ல சுவத்துல படர்ற ஐவி மாதிரி இருக்கேன்னு வச்ச பேரு, அப்படிப் போனவங்கள்ல ஒருத்தரான ஜான் ஸ்மித் 1624ல வந்த புத்தகத்துலயே இத ஐவியோட ஒப்பிட்டு எழுதியிருக்காரு. ரெண்டுக்கும் சொந்தமே கிடையாது. இது மா, முந்திரி, சேங்கொட்டை குடும்பம். மாங்காய்ப் பால் பட்டு வாயோரம் புண்ணாகுறதும், வண்ணாருங்க துணில குறி போடுற சேங்கொட்டைச் சாறு பட்டுத் தோல் கொப்புளிக்கிறதும் இதே மாதிரி சமாச்சாரம்தான். இந்தக் கொடியில இருக்குற எண்ணெய்க்குப் பேரு உருஷியால். ஜப்பான்ல மரப்பாத்திரத்துக்குப் பளபளன்னு பூசுற மரப்பாலுக்கு உருஷின்னு பேரு, அந்த மரமும் இதே இனம், பேரும் அங்கருந்து வந்ததுதான்.

தாவரவியல்ல டாக்சிகோடென்ட்ரான். கிரேக்கத்துல டாக்சான்னா வில்லு, அம்புல தடவுற விஷத்துக்கு அதுலருந்து பேரு வந்து, அப்புறம் பொதுவா நஞ்சுன்னே ஆயிடுச்சு, டென்ட்ரான்னா மரம். ஆக நச்சுமரம். நம்ம வள்ளுவர் 1008வது குறள்ல வச்சிருக்குற அதே சொல்லு, எனக்கு அத்தன சந்தோஷம்! ஆனா இது பெரும்பாலும் கொடி, ஒரு காம்புல மூணு இலை, நடு இலைக்கு மட்டும் காம்பு நீளமா இருக்கும். அதனால "நச்சு மூவிலைக்கொடி"ன்னு சொல்லலாங்கறது என் கருத்து, பேர்லயே அடையாளமும் வந்துடுது. காஞ்சொறின்னும் சொல்லாதீங்க, அது சுணை குத்தி உடனே எரியும், இது ஒவ்வாமை, தடிப்பு வர ஒரு நாள் ரெண்டு நாள் ஆகும்.

வைத்தியம்னா, பட்ட உடனே சோப்புப் போட்டு நல்லா கழுவணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தடிப்பு வந்துட்டா பச்சத்தண்ணில நனைச்ச துணி ஒத்தடம், காலமைன் லோஷன், ஓட்ஸ நைசா பொடிச்சு வெதுவெதுப்பான தண்ணில கலந்து குளிக்கிறது, சமையல் சோடாவக் கொழைச்சு அரிக்கிற இடத்துல பத்து போடுறது, இதெல்லாம் அரிப்ப அடக்கும், ஆனா முழுசா ஆற ரெண்டு மூணு வாரம் ஆகும். கொப்புளத்துத் தண்ணி பட்டு பரவாது, பயப்படாதீங்க, ஆனா கீறாதீங்க, சீழ் பிடிச்சுடும். முகம், கண்ணு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ உடனே டாக்டர்ட்ட ஓடுங்க. இந்தச் செடிய எரிக்கவே எரிக்காதீங்க, புகையில போற எண்ணெய் நுரையீரலுக்கே ஆபத்து.

தம்பிக்கு ஆறி முடிஞ்சு மறுபடியும் அதே கையில வந்துச்சு, எப்படிடான்னு தோண்டித் தோண்டிக் கேட்டா, அன்னிக்குப் போட்ட தோட்டத்து கையுறைய கழுவாம அப்படியே ஷெட்ல தொங்க விட்டிருக்கான்.