ஒபரேஷனுக்கு முன் முட்டையை நிறுத்தலாமா?

ஹட்டன் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: அம்மாவுக்குச் சூலகப் புற்றுநோய், ஒபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. "சத்து கொடுத்தால் கட்டி வளரும்" என்று லயத்தில் சொல்கிறார்கள். முட்டை, மீனை நிறுத்தலாமா?

வேண்டவே வேண்டாம். பட்டினி போட்டாலும் கட்டி தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். கரைவது அம்மாவின் தசை.

1984இல் ஜப்பானில் ஒனோடேராவும் அவர் குழுவினரும், இரைப்பை, குடல் ஒபரேஷன்களுக்காக, நோயாளியின் ஊட்ட நிலையைக் காட்ட ஒரு கணக்குப் போட்டார்கள். இரத்தத்தில் டெசிலீட்டருக்கு எத்தனை கிராம் அல்புமின் (இரத்தத்திலுள்ள ஒரு புரதம்) என்று பார்த்து 10ஆல் பெருக்குங்கள். கன மில்லிமீட்டரில் உள்ள நிணநீர்க் குழியங்களை (ஒருவகை வெள்ளைக் குழியங்கள்) 0.005ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். அல்புமின் 3.5, குழியங்கள் 1600 என்றால் 43. சூலகப் புற்றுநோயிலும் இந்த எண் குறைந்தவர்களின் ஆயுள் குறைவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன.

அந்த எண் ஏன் குறைகிறது? இங்கேதான் சுவாரசியம். ஈரல் தினமும் பத்துப் பதினைந்து கிராம் அல்புமின் செய்கிறது. இரத்தக் குழாய்க்குள் நீரைப் பிடித்து வைப்பதில் பெரும்பங்கு அதற்குத்தான். கட்டி இருக்கும் வயிற்றிலிருந்து இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிச் செய்தி போனதும், ஈரல் அல்புமினைக் குறைத்து, சி-ரியாக்டிவ் புரதம் போன்ற அவசரப் புரதங்களைச் செய்யத் தொடங்கிவிடும். கட்டி விடும் இன்னொரு சமிக்ஞை குழாய்ச் சுவர்களைக் கசியவைக்கும். அல்புமின் வயிற்றுக்குள் கசிய, நீரும் கூடவே போகும். வயிறு ஊதும், பசி போகும், சாப்பாடு குறையும். ஆக, அல்புமின் குறைவுக்குச் சாப்பாடு மட்டும் காரணமில்லை. நோய் எவ்வளவு பரவியது என்பதும் அந்த எண்ணில் ஒளிந்திருக்கிறது.

அதனால் இரண்டு முட்டை கொடுத்ததும் எண் ஏறிவிடாது. அல்புமினின் அரை ஆயுளே, அதாவது இருப்பதில் பாதி சிதைய எடுக்கும் காலமே, மூன்று வாரம் அளவில். ஆனால் காயம் ஆறவும், கிருமியை எதிர்க்கவும் புரதம் வேண்டும். கடுமையாக மெலிந்தவர்களுக்கு, ஒபரேஷனைத் தள்ளிவைத்தாவது 7 முதல் 14 நாள் ஊட்டம் கொடுக்கச் சொல்கின்றன ஐரோப்பிய வழிகாட்டல்கள். முட்டையும் பருப்பும் விற்று யாரும் காப்புரிமை வாங்க முடியாது. உணவு பற்றிய ஆய்வுக்குப் பணம் வராததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

சரி, வீட்டில் என்ன செய்வது? முட்டை, நெத்தலி, பருப்பு, கடலை, கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை. வாந்தி நிற்காவிட்டால், வயிறு இறுகினால் குடல் அடைப்பாக இருக்கலாம். ஊட்டுவதை நிறுத்தி உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அப்புறம், இரத்தச்சோகை இருக்கிறதா என்றும் கிளினிக்கில் கேளுங்கள். இரும்புச்சத்து மாத்திரை தந்தால் அதைச் சாயத்தண்ணியோடு விழுங்கவேண்டாம், தேயிலை இரும்பைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மணி நேரமாவது கழித்துக் குடிக்கட்டும்.