திரைக்குள் அடிக்கும் கச்சான்

பாம்பனில் எங்கள் வீட்டுக் கூடத்து டிவியில், விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகன் ‘சீ ஆஃப் தீவ்ஸ்’ விளையாடிக்கொண்டிருந்தான். 2018-ல் வந்த, பாய்மரக் கப்பல் ஓட்டும் விளையாட்டு. நாற்பது வருஷம் நாட்டுப்படகில் கடலுக்குப் போன என் அப்பா, சாப்பிட்டுக் கைகழுவி வந்தவர், துண்டோடு அப்படியே நின்றுவிட்டார். கப்பல் ஓர் அலையின் தலையில் ஏறிச் சரிந்தபோது அவர் கை கதவு நிலையைப் பிடித்தது.

“பாயை இறக்குடா, கச்சான் ஏறுது.”

“தாத்தா, இது கேம்.”

“தெரியும்டா. இறக்கு.”

கச்சான் என்றால் எங்கள் பக்கம் மேற்கிலிருந்து வீசும் காற்று. அந்த விளையாட்டில் மனிதர்களும் மரங்களும் கார்ட்டூன் போலத்தான் இருப்பார்கள். கூர்ந்து பார்த்தால் ஒன்றுகூட நிஜமில்லை. ஆனாலும் அப்பாவின் உடம்பு அந்தக் கடலை நம்பியது. படம் எவ்வளவு துல்லியம் என்பதைவிட, நம் உடம்புக்கு ஏற்கெனவே தெரிந்த விதிகளுக்கு அது எவ்வளவு கட்டுப்படுகிறது என்பதுதான் நம்மை உள்ளே இழுக்கிறது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

நிஜக் கடலில் ‘ஒரு அலை’ என்று தனியாக ஒன்று கிடையாது. காற்று எழுப்பிய நீளமும் குட்டையுமான எத்தனையோ அலைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. ஆழ்கடலில் நீளமான அலை வேகமாக ஓடும். குட்டை அலை பின்தங்கும். அதனால்தான் கடல் ஒருமுறை காட்டிய முகத்தை மறுமுறை காட்டுவதில்லை. இதைக் கணினியில் செய்யும் வழியை கணினி வரைகலை ஆய்வாளர் ஜெர்ரி டெசன்டார்ஃப் 2001-ல் எழுதிய பாடக் குறிப்புகள் பரவலாக்கின. காற்றின் வேகத்தையும் திசையையும் கொடுத்தால், ஆயிரக்கணக்கான அலைகளை ‘ஃபூரியே உருமாற்றம்’ என்ற கணக்கு ஒரே வீச்சில் கூட்டித் தந்துவிடும். அப்பா திரையில் கச்சானைப் பார்த்தது வெறும் பிரமை இல்லை. அந்தக் கணக்குக்குள் உண்மையாகவே ஒரு காற்று வீசுகிறது.

வெறும் வளைவுகளை அடுக்கினால் மட்டும் போதாது, ஆஸ்பெஸ்டாஸ் கூரை மாதிரி வழவழவென்று இருக்கும். வலையில் கட்டிய மிதவையைக் கவனித்தவர்களுக்குத் தெரியும்: அலை வரும்போது அது மேலே கீழே மட்டும் போகாது, முன்னும் பின்னுமாக ஒரு வட்டமே போடும். இதை 1802-லேயே கெர்ஸ்ட்னர் என்ற கணித அறிஞர் சமன்பாடாக எழுதினார். அந்த வட்ட ஓட்டத்தையும் சேர்த்தால்தான் அலையின் தலை கூர்மையாகும், பள்ளம் அகலமாகும்.

அடுத்து வெளிச்சம். பாம்பன் சாலைப் பாலத்தில் நின்று நேர் கீழே பாருங்கள்; தண்ணீர் தெளிந்திருக்கும் நாளில் அடியிலுள்ள பாறை தெரியும். அப்படியே தலையை நிமிர்த்தித் தூரத்தைப் பார்த்தால் அதே கடல் வெள்ளித் தகடு. நேர் கீழே பார்க்கும்போது நீர்ப்பரப்பு சுமார் 2 சதவீத ஒளியைத்தான் பிரதிபலிக்கிறது. பார்வை சாயச் சாய அது கண்ணாடியாகிவிடுகிறது. பிரெஞ்சு இயற்பியலாளர் பிரெனெல் கண்டுசொன்ன இந்த விதியை விட்டுவிட்டால், திரையில் கடல் நீல பிளாஸ்டிக் விரிப்பாகிவிடும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. மனசு மட்டும் ஒட்டாது.

இத்தனையையும் நொடிக்கு 60 முறை வரைய வேண்டுமானால், ஒரு படத்துக்குக் கிடைப்பது 17 மில்லி நொடிக்கும் குறைவு. இதில் தாமதம் வந்தால் மற்ற எல்லா அழகும் வீண். கை திருப்பிய சுக்கான் உடனே திரும்பினால்தான் அது ‘என் கப்பல்’.

கண் முழுக்க ஒரு காட்சி நகரும்போது, நாமே நகர்வதாக மூளை எடுத்துக்கொள்ளும். பக்கத்து ரயில் கிளம்பினால் நம் ரயில் கிளம்பியதாகத் தோன்றுமே, அதே சங்கதி. உடம்பின் சமநிலையை உணரும் உட்காதோ ‘அசையவில்லை’ என்று சொல்லும். இந்தச் சண்டையில்தான் சிலருக்குக் குமட்டல் வருகிறது. உடம்பு விழாமலிருக்கத் தயாராகும்போது நெஞ்சும் கூடவே பதறுகிறது. பயத்துக்குக் கதை தேவைப்படுவதில்லை.

மனித முகங்களில் இந்த நம்பிக்கை அவ்வளவு எளிதாக வருவதில்லை. மனிதனை ஏறத்தாழ ஒத்து, ஏதோ ஒன்றில் மட்டும் பிசகும் உருவம் அருவருப்பைத் தரும் என்று ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970-லேயே எழுதினார். 2012-ல் வந்த ‘ஜர்னி’ விளையாட்டு அந்த வம்புக்கே போகவில்லை. அங்கியணிந்த சிறு உருவம், பெரும் மணல்வெளி, தூரத்தில் ஒளிரும் மலை. பேச்சே கிடையாது. 1964 புயல் விட்டுவைத்த தனுஷ்கோடி தேவாலயச் சுவரடியில், சாயங்காலம் ஒற்றை ஆளாக நின்றவர்களுக்கு அந்தத் தனிமை புரியும். பரப்பும் தூரமும் வெளிச்சமும் அதைச் சொல்லிவிடுகின்றன.

அப்பா கடைசியில் கேட்டது வேறு கேள்வி. “இந்தக் கடலுக்குத் தரை தெரியுமா? கரைக்கிட்ட அலை எந்திரிக்குமா?”

சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். அந்த ஃபூரியே கணக்கு, ஒரே காற்று வீசும் ஆழக்கடலுக்கானது. ஆழம் குறையும் இடத்தில் அலை உயர்ந்து உடைவதைத் தனியாக எழுதிச் சேர்க்க வேண்டும். நாங்கள் பெண்கடல் என்னும் அமைதியான வடக்குக் கடலும், ஆண்கடல் என்னும் கொந்தளிக்கும் தெற்குக் கடலும் இரு பக்கமிருந்து மோதும், தனுஷ்கோடிக் கோடியிலுள்ள அரிச்சல்முனையைக் காட்டுவதென்றால் இன்னும் பெரிய வேலை.

பையன் பதில் சொல்லவில்லை. கப்பலைத் தீவின் பக்கம் திருப்பினான். அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.