ஸ்குரூவைத் திருகும் முன் அட்டையைப் படியுங்கள்

புதுச்சேரி, கடலூர் பக்கம் ஏர் பிஸ்டல் (காற்றழுத்தத்தில் சுடும் கைத்துப்பாக்கி) பழக வரும் பிள்ளைகள் ஆரம்பத்தில் கேட்கிற கேள்வி இது: "சார், இந்த பிஸ்டல்ல சைட் சரியில்லையா?" சைட் என்பது பிஸ்டலின் மேல் முன்னும் பின்னுமாக இருக்கும் குறிபார்க்கும் பாகம். அது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். குண்டு ஏன் தள்ளி விழுகிறது என்பது டார்கெட் அட்டையிலேயே பதிவாகியிருக்கும். அதைப் படிக்கும் முன்பே ஸ்குரூ டிரைவரைத் தேடுவதுதான் கோளாறு.

முதலில் அளவுகள். 10 மீட்டர் ஏர் பிஸ்டலை ஒரே கையால்தான் சுட வேண்டும். மனு பாக்கர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற போட்டி இது. பெல்லட்டின், அதாவது இதில் போடும் சின்னக் குண்டின், விட்டம் 4.5 மி.மீ. டார்கெட்டின் நடுவில் இருக்கும் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ., சட்டைப் பொத்தான் அளவு. அதற்கு வெளியே ஒவ்வொரு வளையமும் 8 மி.மீ. அகலம். பெல்லட்டின் ஓட்டை கோட்டைத் தொட்டாலே உள்வளையத்தின் புள்ளி கிடைத்துவிடும்.

நீட்டிய ஒற்றைக் கை ஆடாமல் இருக்குமா? இருக்காது. ஒலிம்பிக் வீரருக்கும் ஆடும். ஆனால் ஆட்டத்தில் இரண்டு வகை உண்டு. இரண்டு சைட்டும் ஒரே நேர்கோட்டில் இருக்க, கை முழுவதும் 5 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால் குண்டும் 5 மி.மீ. மட்டுமே தள்ளி விழும். அதுவும் பத்துதான். மணிக்கட்டு லேசாகத் திரும்பி, பின் சைட்டின் பள்ளத்துக்குள் முன் சைட் ஓரமாக ஒதுங்கினால் கதையே வேறு. இரண்டு சைட்டுக்கும் நடுவே 33 செ.மீ. இருப்பதாக வைத்துக்கொள்வோம். முன் சைட் வெறும் 1 மி.மீ. விலகினால் 10 மீட்டர் தூரத்தில் அது சுமார் 30 மி.மீ. ஆகிவிடும். பத்தாம் வகுப்பில் படித்த வடிவொத்த முக்கோணக் கணக்குதான். பத்து விழ வேண்டிய இடத்தில் ஏழு விழும்.

சிக்கல் என்னவென்றால், கை ஆடுவது கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும், சைட் விலகுவது தெரியாது. கண்ணின் லென்ஸ் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் துல்லியமாகக் காட்டும். புதியவர்கள் கறுப்பு வட்டத்தையே உற்றுப் பார்ப்பார்கள்; முன் சைட் மங்கிப்போய், 1 மி.மீ. விலகினாலும் கவனத்துக்கு வராது.

"வட்டம் மங்கலா தெரியுது சார்."

"மங்கலாத்தாம்மா தெரியணும். முன் சைட்டோட மேல் விளிம்பு கத்தி மாதிரி தெரியுதா, அதச் சொல்லு."

இனி அட்டை. எதையும் திருகாமல் ஐந்து குண்டு சுட வேண்டும். ஐந்தும் ஒரே இடத்தில் நெருங்கி விழுந்து, நடுவை விட்டுத் தள்ளியிருந்தால், ஒன்று சைட்டைத் திருத்த வேண்டும், அல்லது ஒரே தவறு மாறாமல் நடக்கிறது. நாலாபக்கமும் சிதறினால் சைட்டைத் தொடுவதில் அர்த்தமே இல்லை. பிடியோ பார்வையோ ஒவ்வொரு முறையும் மாறுகிறது. மேலும் கீழுமாக வரிசை கட்டினால் மூச்சையும் மணிக்கட்டையும் கவனியுங்கள். பார்வை டார்கெட்டுக்கு ஓடிவிடுவதாலும் இப்படி ஆகும்.

வலக்கைக்காரர்களுக்கு அடிக்கடி வருவது இடப்பக்கக் கீழ் மூலை. விதிப்படி ட்ரிக்கரின் இழுவை குறைந்தது 500 கிராம். பிஸ்டலின் எடையோ 1,500 கிராமைத் தாண்டக்கூடாது. தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத விசையை அவசரமாக இழுத்தால் பிஸ்டல் அசையாமல் என்ன செய்யும்? சுட்டுவிரலோடு மற்ற விரல்களும் சேர்ந்து இறுகுகின்றன. முனை கீழே போகிறது. ஏர் பிஸ்டலில் உதைப்பு மிகக் குறைவு, ஆனாலும் "இதோ வெடிக்கப் போகிறது" என்று உடம்பு முன்கூட்டியே விறைக்கும். இதைப் பிடிக்க நல்ல வழி, பயிற்சியாளர் மறைவாக ஒருமுறை பெல்லட் போட்டும் ஒருமுறை போடாமலும் கொடுப்பது. காலி பிஸ்டலிலும் முன் சைட் குனிந்தால் குற்றவாளி யாரென்று அந்த மாணவருக்கே தெரிந்துவிடும். வீட்டில் வெற்றுச் சுவரைப் பார்த்து டிரை ஃபயர் (பெல்லட் போடாமல் ட்ரிக்கரை இழுப்பது) பழகுவதும் இதற்கு மருந்து. ஆனால் பெல்லட் இல்லை என்பதை ஒவ்வொரு முறையும் திறந்து பார்த்த பிறகே விரல் ட்ரிக்கருக்குப் போக வேண்டும்.

பயிற்சிக்கூடச் சுவர்களில் தொங்கும் வட்டப் படத்தை (இந்தத் திசையில் விழுந்தால் இந்தத் தவறு என்று சொல்லும் படம்) நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஒற்றைக் கையால் சுடும் வலக்கைக்காரருக்காகப் போட்ட படம் அது. இடக்கைக்காரர் அதை அப்படியே திருப்பிப் படிக்க வேண்டும். சிதறல் பெரிதாக இருப்பவருக்கு அது எதையும் சொல்லாது.

நம் கடற்கரை ஊர்களுக்கென்று ஒரு தொல்லை உண்டு: உப்புக்காற்று. முன் சைட்டின் கறுப்புப் பூச்சு தேய்ந்தோ துருப்பிடித்தோ விளிம்பு பளபளத்தால், வெளிச்சம் படும் பக்கம் கண்ணுக்குக் கரைந்துபோகும். காலையில் ஓரிடத்தில் விழுந்த குண்டுகள், ஜன்னல் வெளிச்சம் மாறியதும் வேறிடத்தில் விழும். சைட்டை விளக்குப் புகையில் காட்டிக் கறுப்பாக்குவது பழைய கைவைத்தியம், இன்றும் பலிக்கும்.

இத்தனைக்கும் பிறகே பிஸ்டல் மேல் சந்தேகம் வர வேண்டும். கிரிப் ஸ்குரூ, சைட் ஸ்குரூ தளர்ந்திருக்கிறதா பாருங்கள். மணல் மூட்டையில் தாங்கி வைத்துச் சுட்டுப் பாருங்கள். அங்கே குண்டுகள் நெருங்கி விழுந்தால் பிஸ்டல் மேல் பழியில்லை. அங்கேயும் சிதறினால் வேறு பெல்லட் போட்டுப் பார்க்கலாம். ஒரே பிஸ்டல் எல்லா பெல்லட்டையும் ஒரே மாதிரி சுடாது.

குண்டுகள் நெருங்கி, ஆனால் தள்ளியே விழுகின்றன என்பது உறுதியான பிறகு பின் சைட்டைத் தொடலாம். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே பின் சைட்டை நகர்த்த வேண்டும்: இடப்பக்கம் விழுந்தால் வலப்பக்கமாக, கீழே விழுந்தால் மேலாக. ஓரிரு கிளிக் (ஸ்குரூ 'டிக்'கென்று திரும்பும் ஒரு படி) வைத்து, இன்னொரு ஐந்து குண்டு சுட்டுப் பார்த்த பிறகே அடுத்த கிளிக்.