விபத்துப் பிரிவில் யாருக்கு முதல் கவனிப்பு? முதல் 48 மணி நேரச் செலவு யாருடையது?

போன வருடம் மச்சான் பைக்கிலிருந்து விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டார். வேட்டியெல்லாம் ரத்தம். அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் கட்டுப் போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். அரை மணி நேரம் கழித்து 108-ல் ஒரு பையனை இறக்கினார்கள். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வேர்வை. ஸ்ட்ரெச்சர் நிற்காமல் நேரே உள்ளே போனது. "நாம முதல்ல வந்தோம், இது என்ன நியாயம்?" என்று மச்சான் முணுமுணுத்தார். பையனுக்கு வயிற்றுக்குள் ரத்தக்கசிவு என்று பிறகுதான் தெரிந்தது.

வரிசை அங்கே வந்த நேரப்படி ஓடுவதில்லை. தமிழ்நாட்டில் அவசர சிகிச்சையை ஒழுங்குபடுத்த 'டி.ஏ.இ.ஐ.' என்ற திட்டம் இருக்கிறது. அதன்படி இயங்கும் மருத்துவமனைகளில், வருகிறவரை வாசலிலேயே பார்த்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். இதற்கு 'ட்ரையாஜ்' என்று பெயர். நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு, ஆக்சிஜன் அளவு, நினைவு ஆகியவற்றை வைத்து முடிவு செய்கிறார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் சிவப்பு. கொஞ்சம் தாங்குவார், ஆனால் கவனம் தேவை என்றால் மஞ்சள். மச்சான் பச்சை. காத்திருக்கும்போது தலைசுற்றல், மூச்சுத் திணறல் ஏதாவது வந்தால் உடனே சொல்லுங்கள், நிறம் மாறும்.

சிவப்புப் பகுதியில் வேலை ஒரு முறைப்படி நடக்கும். முதலில் மூச்சுப்பாதை அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். கழுத்தெலும்பில் அடி இருக்கலாம் என்பதால் கழுத்தை அசைய விடமாட்டார்கள். அடுத்து மூச்சு, அதற்கடுத்து ரத்த ஓட்டம், அப்புறம் நினைவு. மறைந்திருக்கும் காயத்தைக் கண்டுபிடிக்க உடைகளை வெட்டி எடுப்பார்கள்; புதுச் சட்டை என்று பதறாதீர்கள். வயிற்றிலும் நெஞ்சிலும் ரத்தம் சேர்ந்திருக்கிறதா என்று படுக்கையிலேயே ஸ்கேன் எடுப்பார்கள். இந்த ஏற்பாடு விபத்துக்கு மட்டுமில்லை. மாரடைப்பு, பக்கவாதம், தீக்காயம், விஷம் குடித்தவர்கள், குழந்தைகளின் அவசரம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். நெஞ்சு வலி என்று வருகிறவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது மருத்துவ நடைமுறை.

சரி, பணம்? சாலை விபத்து என்றால் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கியவர் யாராக இருந்தாலும் (வெளிமாநிலத்தவர், வெளிநாட்டவர் உட்பட) முதல் 48 மணி நேர சிகிச்சைக்குக் கட்டணம் கிடையாது. வரையறுத்த 81 சிகிச்சை முறைகளுக்கு இது பொருந்தும். உச்சவரம்பு முதலில் 1 லட்சம் ரூபாயாக இருந்தது, பிறகு 2 லட்சமாக உயர்த்தினார்கள். காப்பீட்டு அட்டை வேண்டியதில்லை, வருமானச் சான்றும் கேட்கக்கூடாது. ஆனால் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையாக இருக்க வேண்டும். தொடக்கத்தில் 201 அரசு, 408 தனியார் என மொத்தம் 609 இருந்தன. மாடிப்படியில் விழுந்ததும் அடிதடியும் இதில் வராது.

49-வது மணி நேரத்தில்தான் வீட்டுக்காரர்களுக்குக் குழப்பம் வருகிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதில் சிகிச்சையைத் தொடரலாம். இல்லையென்றால், நிலைமை சீரான பிறகு அரசு மருத்துவமனைக்கு மாற்றலாம், அல்லது அங்கேயே பணம் கட்டித் தொடரலாம். இரண்டாவது நாள் காலையிலேயே வார்டில் விசாரித்து வைப்பது நல்லது. ராத்திரி 11 மணிக்குப் பில்லை நீட்டியபின் யோசிக்க நேரம் இருக்காது.

"போலீஸ் வந்தால்தான் தொடுவோம்" என்று யாராவது சொன்னால் அது சட்டப்படி செல்லாது. உயிரைக் காப்பதுதான் முதல் கடமை, சட்ட நடைமுறை அப்புறம் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. கொண்டுவந்து சேர்த்தவரும் பயப்பட வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்பு தருகிறது. பெயர், முகவரி சொல்லச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

கிளம்பும் முன் ஒரு காகிதத்தை மறக்காதீர்கள். விபத்தில் வந்தவரை மருத்துவர் 'ஏ.ஆர்.' எனும் விபத்துப் பதிவேட்டில் பதிவு செய்வார். எப்போது, எப்படி, என்ன காயம் என்று அதில் இருக்கும். அந்த எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் இழப்பீட்டு வழக்குக்குப் போனால் வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான். எட்டுத் தையல் போட்டுக்கொண்டு வெளியே வந்த மச்சான் அதை வாங்காமலே ஆட்டோ ஏறினார். மறுநாள் நான்தான் போய் வரிசையில் நின்றேன்.