பைபாஸ்: புறவழியா, ஊடுவழியா?

"ஏபிஐ-யை பைபாஸ் பண்ணி நேரா டேட்டாபேஸ்ல மாத்திட்டேன்." வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஓடும் இணையதளங்களைப் பராமரிப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. டேட்டாபேஸ் என்பது தளத்தின் தகவல்களெல்லாம் இருக்கும் தரவுத்தளம்; ஏபிஐ என்பது அதற்குள் போக மென்பொருள் வைத்திருக்கும் முறையான வாசல். ஏபிஐ-க்கு இடைமுகம் என்ற சொல் நிலைத்துவிட்டது. பைபாஸுக்கு?

ஆங்கிலத்தில் 'பை' பக்கம், 'பாஸ்' கடந்து போதல். 19ஆம் நூற்றாண்டில் எரிவாயு ஆலைகளின் கிளைக்குழாயைக் குறித்த சொல், 20ஆம் நூற்றாண்டில் சாலைக்கும் இதய அறுவைக்கும் வந்தது. சாலைக்கு நாம் வைத்த புறவழி அருமையான சொல். ஆனால் அதையே கணினிக்கும் எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. புறவழி ஊருக்குள் நுழையாமல் வெளியே சுற்றிப் போவது. தரவுத்தளத்தில் நேரடியாகக் கைவைப்பவர் உள்ளே அல்லவா போகிறார்!

எங்கள் செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரோடும் பின் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர். முன்பெல்லாம் இங்கிருந்து கொல்லம் போகும் லாரி புளியரைச் சாவடியில் நின்று, சரக்கைக் காட்டி, பதிவு செய்துவிட்டுத்தான் மலை ஏறும். மெயின் ரோட்டை விட்டுத் தோப்புக்குள் புகுந்து போகிற தடத்துக்கு ஊடுவழி என்று பெயர். மலையாளத்திலும் அதே சொல்தான். ஊடு என்றால் உள்ளே, நடுவே. ஊடுபயிரில் இருப்பதும் அதுதான்.

இடைமுகமும் ஒரு சாவடி. அதன் வழியாக ஒரு பதிவைச் சேமித்தால் அதன் பழைய வடிவம் தனியாக எடுத்துவைக்கப்படும், கேஷ் என்ற தற்காலிக நகல் அழியும், செருகுநிரல்களுக்கு (பிளகின்) சேதி போகும். ஊடுவழியில் இவை எதுவும் நடக்காது. ஒருமுறை உறவினர் கடையின் தளத்தில், முகவரியிலிருந்த 'செங்கோட்டை'யைத் தரவுத்தளத்திலேயே 'தென்காசி' என்று மாற்றினேன். முகப்பின் ஓரப் பெட்டிகள் எல்லாம் காணாமல் போயின. வேர்ட்பிரஸ் பல அமைப்புகளை ஒரே சரமாகக் கோத்து, ஒவ்வொரு உரைத்துண்டுக்கும் முன்னால் அதன் நீளத்தை, கணினி அளவான பைட் எண்ணிக்கையில் எழுதிவைக்கிறது. செங்கோட்டை 30 பைட், தென்காசி 24. எண் 30 என்றே நின்றதால் அந்தச் சரத்தையே அதனால் பிரிக்க முடியவில்லை. நல்லவேளை, பேக்கப் இருந்தது. அதை மீட்டெடுத்து, அப்புறம் நிர்வாகப் பக்கம் வழியாகவே முகவரியை மாற்றினேன்.

ஊடுருவலோடு இதைக் குழப்ப வேண்டாம். அது அனுமதியில்லாமல் நுழைவது. ஊடுவழியில் போகிறவர் கையில் சாவி இருக்கிறது, சாவடியில் மட்டும் நிற்கவில்லை. ஆகவே, "இடைமுகத்தைத் தவிர்த்து ஊடுவழியில் தரவுத்தளத்தைத் திருத்தினேன்" என்று எழுதலாம்.